காரணம்: நடப்பதற்கு

ஜனவரி 19, திங்கள்

பனி. பஸ் கண்ணாடி எல்லாம் வேர்த்துப் போயிருந்தது. சீட் கிடைக்கவில்லை. பனகல் பார்க் வரை நின்றபடியே.

பொங்கல் கூட்டம் ஓய்ந்த கடை. மூன்றாவது மாடி, காட்டன் செக்‌ஷனில் காலை முழுக்க மூன்று பேர்தான் வந்தார்கள். பிரித்த சேலையை மடித்தேன், மடித்ததை அடுக்கினேன், அடுக்கியதைத் துணியால் தட்டினேன். வேலை இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். அதுதான் வேலை.

பன்னிரண்டு மணி இருக்கும். ஒரு பெண், முப்பது வயதுக்குள். பச்சையில் கட்டம் போட்ட சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனில் பேச்சு. "ரொம்ப ஈஸிப்பா. மணல்மேடு ரெண்டு மூணு ஏறி எறங்கணும். அப்புறம் பீச் ஓரமாவே போக வேண்டியதுதான். ரெண்டு மணி நேரம். எங்கம்மாவே நடந்துட்டாங்க."

வாடிக்கையாளரிடம் சேலையைத் தவிர வேறு பேசக் கூடாது. கேட்டுவிட்டேன். "எந்த இடம்மா அது?"

கோவளம் தாண்டி, சவுக்குத் தோப்புப் பக்கம். மகாபலிபுரம் போகிற பஸ். சேலைக்குள் வைக்கிற அட்டையை வாங்கி அதன் பின்பக்கம் படமே போட்டுக் கொடுத்துவிட்டாள். ரோடு, தோப்பு, மேடு, மேடு, கடல். ஒரு அம்புக்குறி.

"முடியற எடத்துல என்ன இருக்கும்? கோயிலா?"

"ஒண்ணும் இல்லக்கா. ரோடு வரும். பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடுவோம்."

ஒன்றும் இல்லாத இடத்துக்குப் போய்விட்டு வருவது. பகல் முழுக்க இதே நினைப்பு. எனக்கு நாற்பத்தொரு வயது. அப்படி ஒரு இடத்துக்கு நான் போனதே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அட்டையைக் காட்டினேன். சுடிதார் செக்‌ஷன் கிரேஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். பட்டினப்பாக்கத்துக்காரி. அவள் அம்மா மீன் விற்கிறவர். "மணலைப் பாக்க பஸ் ஏறிப் போவணுமா? எங்க வூட்டு வாசல்ல கீதுக்கா. வா, ஒரு கோணி அள்ளிக்கினு போ."

ப்ளவுஸ் பிட் செக்‌ஷன் பொன்மணி சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வயது, சாத்தான்குளம் பக்கம். கடை ஹாஸ்டலில் மூன்று வருஷம். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னையும் கூட்டிட்டுப் போவீகளாக்கா?"

போவேன் என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

வெயில் சுள்ளென்று. தை மாதம் மாதிரியே இல்லை.

வேலை நேரத்திலேயே மனசுக்குள் கணக்கு. ஆஃப் நாள்: எனக்கு வியாழன். கிரேஸுக்கு (கி., அவளும் வருகிறாளாம்) வெள்ளி. பொன்மணிக்கு (பொ.) செவ்வாய். மூன்று பேருக்கும் ஒரே நாள் ஆஃப் என்பது இந்தக் கடையில் எந்தக் காலத்திலும் நடக்காது. மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சீட்டு எழுதி, காரணம் போட்டு, சூப்பர்வைசர் கையெழுத்து வாங்க வேண்டும்.

கி. இன்றே மாற்றிவிட்டாள். போனில் கேட்டு வேறொருத்தியின் செவ்வாயை வாங்கி, காரணம் "வேண்டுதல்" என்று எழுதி, சூப்பர்வைசர் தனசேகர் சார் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டு, எல்லாம் அஞ்சு நிமிஷம். "மாதா கோயிலுக்குப் போறேன்னு எழுதினா கேள்வியே கெடையாதுக்கா."

"போகப் போறியா?"

"போவ மாட்டேன்னு மாதாவுக்குத் தெரியும். சாருக்குத் தெரியாது."

என் செக்‌ஷனில் செவ்வாய் ஆஃப் லட்சுமிக்கு. போனில் கேட்டேன், எனக்காக வியாழன் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். நல்ல பெண்.

எடுத்துப்போக வேண்டியவை, இப்போதைக்கு:
தண்ணீர், ஆளுக்கு ரெண்டு பாட்டில்
புளிசாதம் (நான்), வறுத்த நெத்திலி (கி.)
துண்டு
பழைய சேலை, உட்கார
குடை வேண்டாம், காற்றில் நிற்காது. தொப்பி? நாம் தொப்பி போட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கடலைப் பற்றி கி. சொன்னது: "அமாவாசை போயிட்ச்சி. பௌர்ணமிக்கு நாள் கீது. தண்ணி ரொம்ப ஏறாது, ஈரமணல் கெட்டியா இருக்கும். தெக்கால பாத்து நடந்தா வாடைக்காத்து முதுகுல தள்ளும்." சிரித்த வாய்தான். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள்.

ஜனவரி 21, புதன்

சீட்டு எழுதினேன். பெயர் அமுதா. செக்‌ஷன் காட்டன். மாற்றும் நாள் 27. காரணம் என்ற இடத்தில் "நடப்பதற்கு."

தனசேகர் சார் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"என்னம்மா இது?"

"நடக்கப் போறோம் சார். கடற்கரைல."

"எதுக்கு?"

"நடக்கறதுக்குத்தான்."

"அந்த எடத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

அப்போதுதான் கி.யின் சீட்டும் பொ.வின் ஆஃப் நாளும் அவர் மண்டையில் சேர்ந்தது. "மூணு பேரும் ஒரே நாளா? என்ன, சங்கம் கட்றீங்களா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நடக்கப் போகிறோம் என்பதை அவரால் நம்ப முடியவில்லை, சங்கம் கட்டுகிறோம் என்பதை நம்ப முடிகிறது. கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. அவரும் காலை ஒன்பதரை மணியிலிருந்து நிற்கிறவர்தான்.

"கோயில்னு எழுதிக் குடு. இப்பவே கையெழுத்துப் போடறேன். மேல யாராவது கேட்டா எனக்கும் ஒரு பதில் வேணும்ல."

"கோயிலுக்குப் போகல சார்."

"அது எனக்கெதுக்கும்மா?"

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் மாற்றி எழுதவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. கை எழுத மாட்டேன் என்றது, அவ்வளவுதான்.

பருப்பு தீர்ந்துவிட்டது. மகளுக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வேண்டும்.

ஜனவரி 22, வியாழன்

ஆஃப். அபிராமபுரம் சந்தில் தண்ணீர் லாரி வரவில்லை. குடத்தோடு எல்லோரும் கத்தல்.

என் வீட்டுக்காரர் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை. கிளம்பும்போது அவரிடம் சொன்னேன். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டார்.

"கோயில்னு எழுதினா இன்னா கொறஞ்சிடப் போவுது உனக்கு?"

"பொய்தானே அது."

"நீ பொய்யே சொன்னதில்லியா? போன மாசம் என் மச்சினிகிட்ட காய்ச்சல்னு சொன்னே."

அவர் போன பிறகு பழைய டைரிகளை எடுத்தேன். வருஷா வருஷம் கடை கொடுக்கிற டைரி. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே கடை விளம்பரம், மேலே என் எழுத்து. ஆஃப் நாள் போக நான் கேட்டு வாங்கிய லீவு, பதினாலு வருஷத்தில்:

மகளுக்கு மஞ்சள் காமாலை
மாமியார் காரியம்
அவர் தங்கை வளைகாப்பு
மகள் பள்ளிக்கூட சேர்க்கை (ரெண்டு தரம், ஃபார்ம் தவறு)
மாமனார் கண் ஆபரேஷன்
அவர் அக்கா மகன் கல்யாணம்
அவர் வேண்டிக்கொண்ட மொட்டை
வெள்ளம் வந்தபோது மூன்று நாள்
என் அம்மா சாவு

ஒரு நாள்கூட என் பேரில் இல்லை. என் உடம்புக்குக்கூட இல்லை. காய்ச்சலில் மாத்திரை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு நாள் கேட்கிறேன். அதையும் சாமி பேரில் எழுதிக் கொடுக்க வேண்டுமா? மாட்டேன். இதுதான் காரணம். எழுதிப் பார்த்த பிறகு தெரிகிறது.

பத்து மணிக்குத் திருவான்மியூர் போனேன். டெர்மினஸில் பஸ் நேரம் கேட்டேன். நேரம் பார்த்துச் சொல்கிறவர் என்னைப் பார்க்காமலே, "காலைல அடிக்கடி கீதும்மா, வந்து நில்லு" என்றார். நிற்பதைத் தவிர யாரும் எனக்கு வேறெதுவும் சொல்வதில்லை.

பக்கத்திலேயே பீச். கால் தாங்குமா என்று பார்க்க வேண்டும் அல்லவா. இடது கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாய்ப் புடைத்திருக்கிறது, ஆறு வருஷமாக. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா "நிக்காதீங்க, நடங்க" என்று சொன்னபோது சிரித்துவிட்டேன். சேலைக் கடை என்றதும் அவரும் மேலே பேசவில்லை.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈரமணலில் நடந்தேன். வலியை எதிர்பார்த்துக்கொண்டே நடந்தேன். அரை மணி நேரம். வரவில்லை. திரும்பி வந்து பஸ்ஸுக்காக நின்றேன். பத்தே நிமிஷத்தில் வலி வந்துவிட்டது.

நின்றால் வலிக்கிற கால், நடந்தால் வலிக்கவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் நின்ற கீரைக்காரம்மாவிடம் சொன்னேன். "எனக்கு ரெண்டுத்துலயும் வலிக்குதும்மா" என்றார்.

ஜனவரி 24, சனி

கூட்டம். கல்யாண வீட்டுக்காரர்கள். ஒரே குடும்பம் அறுபது சேலை பிரித்து நாலு எடுத்தது.

இரண்டாவது சீட்டு. அதே காரணம். சார் காரணத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இதைவிடப் பெரிய பிரச்சினை பொ.வுக்கு. செவ்வாய் அவளுக்கு ஆஃப்தான். ஆனால் ஹாஸ்டலை விட்டு வெளியே போக கேட் நோட்டில் எழுத வேண்டும். எங்கே, எதற்கு, எத்தனை மணிக்குத் திரும்பல். கோயில், ஆஸ்பத்திரி, ஊருக்குப் போகிறேன், இந்த மூன்றுக்குத்தான் வார்டன் அம்மா விடுவார். பொ. நேற்றே எழுதிவிட்டாளாம். எங்கே: கடற்கரை. எதற்கு: நடக்க. என்னைக் கேட்காமலே.

வார்டன் அம்மா அவள் அப்பாவுக்குப் போன் பண்ணப் போவதாகச் சொல்லியிருக்கிறார். "உங்க பொண்ணு போக்கு சரியில்லன்னு சொல்லுவாகளாம்க்கா."

கி. படிக்கட்டடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு கோபத்தில் அவளைப் பார்த்ததில்லை.

"உனக்கு வேலை போனா வூட்டுக்காரர் கீறாரு. அந்தப் பொண்ணை ஊருக்கு இட்டுக்கினு போயிட்டாங்கன்னா? உன் பிடிவாதம் உன்னோட வச்சிக்கோக்கா. அதை ஏன் சின்னப் பொண்ணு தலைல கட்ற?"

"நான் கட்டலடி."

"நீ சீட்டுல எழுதினதைப் பாத்துத்தானே அதுவும் எழுதிச்சி."

உண்மை. சாப்பாடு இறங்கவில்லை. பொ.விடம் போய்ச் சொன்னேன். நீ கோயில் என்று மாற்றி எழுதிவிடு. திருவான்மியூரில் மருந்தீஸ்வரர் இருக்கிறார், போகிற வழியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம், பொய்யும் ஆகாது.

பொ. ஜாக்கெட் துணியை நீளம் பார்த்துச் சுற்றிக்கொண்டே கேட்டாள். "அப்போ நீங்களும் மாத்தி எழுதுவீகளா?"

"நான் வேற."

"எப்படிக்கா வேற?"

இருபத்திரண்டு வயது. எப்படி வேறு என்று எனக்கும் தெரியவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

மேகம். மழை வரும் போல இருந்து வரவில்லை.

காலை கடை திறக்கும் முன்பே பொ. மூச்சிரைக்க வந்தாள். வார்டன் அம்மா நேற்று சாயங்காலமே போன் போட்டாராம். ஸ்பீக்கரில் போட்டு, இவளையும் எதிரில் நிற்க வைத்து.

வார்டன்: "உங்க பொண்ணு கடற்கரைக்கு நடக்கப் போறாளாம்."

அப்பா: "யாரு கூட?"

வார்டன்: "கூட வேலை பாக்குற ரெண்டு பேர், லேடீஸ்."

அப்பா: "எவ்ளோ தூரம்?"

வார்டன்: "ஏதோ ரெண்டு மணி நேரமாம்."

பொ. அழத் தயாராகிவிட்டாளாம். அப்புறம் அப்பா சொன்னாராம். "அவ தேரிக்காட்டுச் செம்மணல்ல பள்ளிக்கூடத்துக்கு நடந்த புள்ள. ரெண்டு மணி நேரத்துல ஒண்ணும் ஆயிராது. நடக்கத்தான போறா, விடுங்க."

வார்டன் அம்மா கேட் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அஞ்சு மணிக்கு உள்ள இருக்கணும்" என்றாராம்.

பொ. சொல்லி முடித்ததும் கி. என் தோளில் ஒரு அடி வைத்தாள். மன்னிப்பு கேட்பது அவளுக்கு அப்படித்தான். "இன்னும் நீ ஒருத்திதான் பாக்கி."

ஜனவரி 26, திங்கள்

லீவு நாள் கூட்டம். கால் வீங்கி செருப்பு வார் பதிந்துவிட்டது.

மூன்றாவது சீட்டு. சார் அதை வாங்கவே இல்லை. ரேக் ஓரமாக வைத்தேன். அவர் பார்த்தார், நான் பார்த்தேன்.

"சார், நாளைக்கு நான் வர மாட்டேன். லட்சுமி வருவா. செக்‌ஷன்ல ஆள் குறையாது."

"கையெழுத்து இல்லாம வரலன்னா ஆப்சென்ட். மெமோ வரும்."

"குடுங்க சார்."

"பதினாலு வருஷத்துல உனக்கு ஒரு மெமோ கிடையாது. எதுக்கும்மா இது? ஒரு வார்த்தை மாத்தி எழுத மாட்டேங்கற."

"நீங்களும் ஒரு வார்த்தைதான் சார் மாத்தச் சொல்றீங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

பக்கத்தில் லட்சுமி சேலையைத் தலைகீழாக மடித்துக்கொண்டிருந்தாள். சார் நாலாவது மாடிக்குப் போய்விட்டார்.

புளி ஊறப் போட வேண்டும். பாட்டில் நாலு (எனக்கும் பொ.வுக்கும்), மகள் கழுவி வைக்கிறேன் என்றிருக்கிறாள். அவளிடம் தொப்பி ஒன்று இருக்கிறது, காலேஜ் டூரில் வாங்கியது. கேட்டதும் கொடுத்தாள். "அழகாத்தாம்மா இருக்கு." வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, கிரிக்கெட் அம்பயர் மாதிரி இருக்கு என்றார். பிறகு அவரே தண்ணீர்ப் பை வாரைத் தைத்துக் கொடுத்தார். நான் கேட்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

திரும்பி வரும் பஸ்ஸில் எழுதுகிறேன். சீட் கிடைத்துவிட்டது. எழுத்து ஆடும்.

காலை ஆறே கால், திருவான்மியூர். பொ. எங்களுக்கு முன்பே வந்து நிற்கிறாள், தலையில் பூ. கி. வெறுங்கையோடு. நெத்திலி எங்கே என்றால் அம்மா மறந்துவிட்டாராம். சண்டை போட நேரமில்லை, பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் எங்கே என்றார். இடத்தைச் சொன்னேன். "அங்க இன்னா கீது?" மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னோம், "ஒண்ணும் இல்ல."

இறங்கினதும் சவுக்குத் தோப்பு. காய்ந்த ஊசி இலை மேல் கால் வைத்தால் சத்தமே இல்லை. தோப்பு முடிகிற இடத்தில் முதல் மேடு.

ஈஸி என்றாள் அந்தப் பெண். ரெண்டடி ஏறினால் ஒன்றரை அடி சறுக்கல். முக்கால்வாசி தூரத்தில் நான் நாலு காலில். கி. இன்னும் மோசம். கடற்கரையிலேயே பிறந்தவள், மேடு ஏறத் தெரியவில்லை. "எங்க மணலு படுத்துக்கினு கீது, இது எழுந்து நிக்குது" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பொ. மட்டும் சேலை முந்தியை இடுப்பில் செருகி நேரே ஏறிப் போய் உச்சியில் நின்றாள். மேலே இருந்து சொன்னாள். "நேரா ஏறாதீகக்கா. சாஞ்சாப்ல வாங்க. பாதம் முழுசும் வைங்க. வெரல ஊனாதீக." அவள் ஊரில் சிவப்பு மணலாம், இதைவிட உயரமாம்.

சாய்ந்தாற்போல் ஏறினேன். உச்சி வந்துவிட்டது.

உச்சியில் காற்று. கீழே கடல். ஒரு மனிதர் இல்லை. தரையெல்லாம் ஊதாப் பூக் கொடி. ராவணன் மீசை என்கிற முள்ளுப் புல் உருண்டை ஒன்று காற்றில் தானாக உருண்டு போய்க்கொண்டே இருந்தது. அது மறைகிறவரை பார்த்தேன். கி. கீழேயிருந்து கேட்டாள், "இன்னாக்கா தெரியுது அங்க?" மண் விழுந்துவிட்டது கண்ணில் என்றேன்.

இரண்டாவது மேட்டில் கி.யை ஆளுக்கொரு கையாக இழுத்தோம். மூன்றாவதில் எல்லோரும் உட்கார்ந்தே சறுக்கி இறங்கினோம். என் சேலை பின்பக்கம் முழுக்க மணல். இப்போதும் பஸ் சீட்டில் கொட்டுகிறது.

அப்புறம் ஈரமணல். தெற்கே பார்த்து நடை. கி. சொன்ன மாதிரியே காற்று முதுகில். யாரும் பேசவில்லை. அரை மணி நேரம் நாங்கள் மூன்று பேர் பேசாமல் இருந்தது அதிசயம். கடையில் வாய் திறந்தால் "வாங்கம்மா, என்ன பாக்கறீங்க" என்றே வரும். அந்தப் பேச்சே மறந்துபோன மாதிரி.

பாதி வழியில் கயிறு. கம்பு நட்டு, கடல் தண்ணீர் தொடுகிற இடம் வரைக்கும் கயிறு கட்டியிருந்தது. உள்ளே நீல நாற்காலிகள், தென்னங்கீற்றுக் குடை. ஏதோ பெரிய ஹோட்டல். காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும், கனமான பூட்ஸ்.

"இது பிரைவேட்டும்மா. திரும்பிப் போங்க."

கி. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எது பிரைவேட்டு? கடலா? யார் வித்தா, யார் வாங்கினா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. விட்டா என்னைக் கேப்பாங்க."

"எங்க பஸ் ஸ்டாப்பு அந்தப் பக்கம்தான் கீது. எங்க தாத்தா காலத்துலேர்ந்து கரைல நடக்கறோம். எந்தக் கயித்தையும் பாத்ததில்ல."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு மெதுவாக, "தண்ணி ஓரமா சீக்கிரம் போயிடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், பாக்கல" என்றார்.

கி. நகரப் போனாள். எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்று சீட்டு எழுதி, மெமோ வாங்கத் துணிந்து இங்கே வந்தது யாரும் பார்க்காதபோது ஓடுவதற்கா?

"அண்ணா, திரும்பாதீங்க. பாத்துக்கினே இருங்க. நாங்க மெதுவாத்தான் போவோம்."

அவர் என்னையே பார்த்தார். நான் கயிற்றைத் தூக்கினேன். பொ. குனிந்து போனாள், கி. போனாள், நான் போனேன். மெதுவாக நடந்தோம். அலை வந்து முழங்கால் வரை அடித்தது. நீல நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரம்மா கையாட்டினார், பொ. கையாட்டினாள். பயம்தான், பொய் சொல்வானேன். அடுத்த கயிறு வரை அவர் எங்களோடு மேலே மணலில் நடந்துகொண்டே வந்தார். கயிற்றை அவரே தூக்கிப் பிடித்தார்.

"காலைலேர்ந்து நின்னுக்கினே கீறேன். நடந்தது நல்லா இருந்திச்சி" என்றார். புளிசாதத்தில் ஒரு பங்கு கொடுத்தோம். பூட்ஸைக் கழற்றாமலே நின்று சாப்பிட்டார். உட்காருங்கண்ணா என்றேன். கேமரா இருக்கிறது என்றார்.

மிச்ச தூரம் வெயில். தண்ணீர் தீர்ந்தது. கி.க்கு செருப்பு அறுந்தது. பொ. நாலு சிப்பி பொறுக்கினாள், வார்டன் அம்மாவுக்கு ஒன்றாம். ரெண்டு மணி நேரம் எங்களுக்கு மூன்றரை மணி நேரம். ரோடு வந்தது. சொன்ன மாதிரியே அங்கே ஒன்றும் இல்லை. ஒரு புளியமரம், பஸ் நிறுத்தக் கம்பம், ஒரு நாய்.

கால்: வலி இல்லை. வீக்கம் இல்லை. எழுதி வைக்கிறேன், பிறகு நானே நம்ப மாட்டேன்.

ஜனவரி 28, புதன்

மெமோ. டைப் அடித்த தாள். "முன் அனுமதியின்றிப் பணிக்கு வராதது குறித்து இரண்டு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்."

தொடையெல்லாம் பிடித்துக்கொண்டு படியேற முடியவில்லை. கி.யும் அப்படித்தான், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக. எதிரில் பார்த்து ரெண்டு பேருக்கும் சிரிப்பு. பொ. குதித்துக்கொண்டு போகிறாள்.

லட்சுமி காதோரம் வந்து, "மன்னிப்பு கேட்டு எழுதிக் குடுத்துடுக்கா, அதோட முடிஞ்சிடும்" என்றாள். நல்லதுக்குத்தான் சொல்கிறாள். பக்கத்து செக்‌ஷன் பெண்கள் ஒவ்வொருவராக வந்து மேடு எவ்வளவு உயரம், தண்ணீர் சுத்தமா, நிஜமாவே யாரும் இல்லையா என்று கேட்டார்கள். மெமோவைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை.

மதியம் விளக்கம் எழுதினேன். மூன்று வரி. "27ஆம் தேதிக்காக மூன்று முறை சீட்டு கொடுத்தேன். என் இடத்தில் ஆள் ஏற்பாடு செய்திருந்தேன். நடப்பதற்காகச் சென்றேன், நடந்தேன், திரும்பி வந்துவிட்டேன்." மன்னிப்பு என்ற சொல் இல்லை. இரண்டு தரம் படித்துப் பார்த்தேன், எங்கேயாவது தவறிப்போய் வந்துவிட்டதா என்று.

ஜனவரி 30, வெள்ளி

மறுபடி பனி. எதிர் வீட்டுக் கோலத்தில் வண்டிச் சக்கரம்.

சார் கூப்பிட்டார். மேலிடத்து முடிவு: அந்த நாள் சம்பளம் இல்லை. ஒரு மாதம் கீழ்த்தளத்தில், வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்கிற வேலை. பதினெட்டு இருபது வயதுப் பெண்களுக்குக் கொடுக்கிற வேலை. அவமானப்படட்டும் என்றுதான். வேலை போகவில்லை. அது சார் பேசியதால் என்று லட்சுமி சொன்னாள். சார் சொல்லவில்லை.

"பதிவேட்டுல நீதான் கையெழுத்துப் போடணும்" என்று நோட்டைத் தள்ளினார். என் பெயர், தேதி, ஆப்சென்ட். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து அவரே எழுதினார். "நடப்பதற்கு." சிவப்பு இல்லை, நீல மை. நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார், தலையை நிமிர்த்தாமல்.

"எந்த ஸ்டாப்பிங்ல எறங்கணும்மா?"

நின்றேன். "யாருக்கு சார்?"

"சும்மா கேட்டேன்."

"சொல்றேன் சார். சீட்டுல என்ன காரணம் எழுதுவீங்க?"

மாடியில் டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன, கடை திறக்கிற நேரம். நானும் விடவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதையே எழுதறேம்மா" என்றார்.

ஸ்டாப்பிங் பெயரைச் சொல்லிவிட்டுக் கீழே வந்தேன்.